தம்பியின் குரல் இருந்த டிஸ்க்

புது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தப் போன நான், முதல் வேலையாக ஒரு திருகாணியைக் கணினிப் பெட்டிக்குள் விழவிட்டேன். பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து உண்டியல் மாதிரி குலுக்கினேன். தூசி வந்தது, தம்பி மகள் பாப்பா எப்போதோ உள்ளே போட்ட பாசிமணி வந்தது, திருகாணி மட்டும் வரவில்லை. கதவோரம் நின்றிருந்த தம்பி மனைவி, "மாமா, ஆபீஸ்லயும் இப்படித்தான் வேலை பார்ப்பீங்களா?" என்றாள்.

"அங்க குலுக்கறதுக்குத் தனியா ஆள் இருக்கும்மா," என்றேன்.

சக்கர நாற்காலியில் இருந்த தம்பி சிரித்தான். அப்போது அவனுக்குச் சிரிப்பு மட்டும்தான் பழையபடி வந்துகொண்டிருந்தது. பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிற நோய். கையும் காலும் போய்விட்டன, அடுத்தது நாக்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நாக்கு போவதற்குள் தம்பி ஒரு காரியம் செய்தான். மைக்கின் முன் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான வாக்கியங்களைத் தன் குரலில் பதிவு செய்தான். பிறகு அவன் திரையில் எழுத்துகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் சொல் கோக்கும்போது, கருவி அவன் குரலிலேயே பேச வேண்டும் என்பது ஏற்பாடு. பதிவுகள் எல்லாம் அவனுடைய லினக்ஸ் கணினியில் ஒரு பழைய டிஸ்க்கில் இருந்தன. அது நிரம்பிவிட்டது. கரகரவென்று இருமவும் ஆரம்பித்திருந்தது. அதனால் கணினிக்குள் புது டிஸ்க் ஒன்று, ஹாலில் ரௌட்டர் பக்கத்தில் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று. பழையதில் இருப்பதை இரண்டிலும் நகலெடுத்துவிட்டால், அவன் எந்த அறையில் இருந்தாலும் குரல் கூடவே வரும். குடும்பத்தில் கணினி தெரிந்தவன் நான்தான். அதாவது, சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பிரின்டர் மக்கர் செய்தால் கூப்பிடப்படுகிறவன்.

நடந்ததைப் பற்றி எல்லாரிடமும் நான் சொன்னது இது. லினக்ஸ், டிஸ்க்குகளுக்கு வரிசையாக எழுத்து வைத்துப் பெயர் கொடுக்கும். புதிதாக ஒன்றைச் சொருகினால் வரிசை கலையலாம். நேற்று 'பி'யாக இருந்தது இன்று 'சி' ஆகலாம். நான் புதியதென்று நினைத்து, நகலெடுக்கும் முன்பே பழையதை பார்மெட் செய்து அழித்துவிட்டேன். எல்லாரும் நம்பினார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் ஒருமுறையாவது இந்தத் தப்பைச் செய்திருப்பான். இதை நான் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

எழுத்து மாறியது உண்மை. ஆனால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாறாத சீரியல் நம்பர் உண்டு. திரையில் தெரிந்த நம்பரை, பழைய டிஸ்க்கின் மேல் அச்சடித்திருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கட்டளையைக் கொடுத்தேன். நான் சோம்பேறிதான், ஆனால் கவனக்குறைவானவன் என்று யாரும் சொல்ல முடியாது.

காரணம் நியாயமானது. முடிந்தவரை பேசவைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பதிவு முடிகிறவரை தம்பி ஒவ்வொரு வார்த்தைக்கும் மல்லுக்கட்டினான். முடிந்த மறுநாளிலிருந்து வாயைத் திறப்பதில்லை. "பேசுடா" என்றால், "எல்லாம் டிஸ்க்ல இருக்குண்ணே, இனி எதுக்கு மூச்சு வாங்கணும்?" என்று இழுத்து இழுத்துச் சொன்னான். குரல் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்புதான் அவனை ஊமையாக்கியது. பத்திரமாக இல்லையென்றால் போராடுவான். அவனுடைய நல்லதுக்குத்தான் செய்தேன்.

வெறுமனே பார்மெட் செய்தால் விஷயம் தெரிந்தவர்கள் மீட்டுவிடுவார்கள். ஆகவே டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதவிட்டேன். நிதானமாக நடக்கிற வேலை. அது ஓடிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி டீ கொண்டுவந்தாள். இஞ்சி தூக்கலாக இருக்கிறது, நல்லது என்றேன். தம்பிக்குத் திரை தெரியவில்லை. வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்லி அவன் நாற்காலியைத் திருப்பி வைத்திருந்தேன்.

டிஸ்க்கை மீட்புக் கடைக்குக் கொண்டுபோனோம். நானும்தான் போனேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "முழுக்கப் பூஜ்யமா இருக்கு சார். பார்மெட் மட்டும் போட்டா இப்படி ஆகாதே."

"வயசான டிஸ்க்குங்க. ஞாபகம் சுத்தமா போயிடுச்சு போல," என்றேன். அவர் சிரித்தார்.

தம்பி மனைவி சிரிக்கவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவைத் தூங்கச் சொல்லி ஒண்ணு பேசியிருப்பாரு. அது மட்டும் எடுத்துக் குடுங்கண்ணா, மத்தது போனாப் போகட்டும்," என்றாள்.

தம்பி போராடத்தான் செய்தான், நான் கணக்குப் போட்டபடியே. கொஞ்ச நாள். பிறகு நாக்கு நின்றுவிட்டது. மறுபடி பதிவு செய்ய அவனிடம் குரல் இல்லை. இப்போது கருவியோடு வந்த குரலில் பேசுகிறான். ரயில் நிலையத்து அறிவிப்புக் குரல். "சாப்டியா" என்று கேட்டாலும் வண்டி தாமதமாக வரும் என்பது போலவே இருக்கும். முதல்முறை கேட்டபோது பாப்பா நாற்காலிக்குப் பின்னால் போய், "பெரியப்பா, இங்க யாரு ஒளிஞ்சிருக்கா?" என்றது.

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. அழிப்பதற்கு முன் போல்டர்களைத் திறந்து பார்த்தேன். மனைவிக்கு ஒன்று. பாப்பாவுக்கு ஒன்று. பிசியோதெரபிஸ்டுக்கு ஒன்று. கீழ்வீட்டுக்காரருக்கு, தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஒன்று. நாய்க்குக்கூட ஒன்று: "டேய் தடியா, சோபாவை விட்டு இறங்குடா" என்று கோபமாக, கொஞ்சலாக, வெறுத்துப்போய், விதவிதமாக. அண்ணனுக்கு என்று எதுவும் இல்லை. வேறு பெயரில் இருக்குமோ என்று தேடினேன். மறைத்து வைத்திருப்பானோ என்றும் தேடினேன். இதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை.

அதற்குப் பிறகு விளையாட்டாக அவனிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். "எனக்கு எந்த போல்டர்டா?"

"குப்பைத்தொட்டி," என்று ரயில் நிலையம் சொல்லும். அண்ணன் எப்படியோ அப்படித்தானே தம்பி.

இன்று காலை பாப்பாவைப் பள்ளியில் விடத் தம்பி மனைவி போயிருந்தாள். நான் அவன் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "அது தப்பா நடக்கலடா. நம்பரைப் பார்த்துத்தான் அழிச்சேன்," என்றேன்.

அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. கண் மட்டும் என்மேலேயே இருந்தது. நான் ஒரு ஜோக் தேடினேன். அகப்படவில்லை.

"நாய்க்கெல்லாம் வச்சிருந்தியேடா. எனக்கு ஏன்டா ஒண்ணுகூட வைக்கல?"

அவன் கண் திரைக்குத் திரும்பியது. எழுத்தெழுத்தாக நகர்ந்தது, தவறாக வந்ததை அழித்தது, மறுபடி நகர்ந்தது. பிறகு அந்தக் குரல் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னது:

"உனக்கு வேணும்னு தோணவே இல்லண்ணே. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே உனக்குப் புரிஞ்சிடுமே."