காலர் பட்டன்

— இன்னொரு தடவ ஓட்டு, பெர்னி. அந்த பஸ் ஸ்டாண்டு பெஞ்சு சீன்.

— நாலு தடவ ஓட்டியாச்சு, வார்ட். உன் மூஞ்சிய நீயே எத்தன தடவதான் ரசிப்ப? சாண்ட்விச்சத் தின்னு, ஆறிப்போகுது.

— ரசிக்கல, அம்மணி. படிச்சிட்டிருக்கேன். மக இனிமே வரமாட்டான்னு அந்த அப்பனுக்குப் புரியற நொடி. வாயத் திறக்கல, கண்ணுகூட அசையல. ஆனா எல்லாம் தெரியுது. நாளைக்கு விருது விழாவுல இந்தத் துண்டத்தான் போடப்போறாங்க. பதினோரு படம் தானே நடிச்சுத் தானே டைரக்ட் பண்ணி இந்தக் கெழவன் என்னத்தக் கிழிச்சான்னு ஊரே பாக்கப்போகுது. அப்புறம் மேடையில ஏத்தி, எப்படிச் செஞ்சீங்கன்னு கேப்பாங்க. அதான் கேக்கறேன், இது எத்தனாவது டேக்?

— எத்தனாவதா இருந்தா என்ன?

— ஏழா? இல்ல, ஏழுல எனக்குத் தும்மல் வந்துச்சு. ஒன்பதா?

— விடேன்.

— முப்பத்தோரு வருஷமா என் படத்தையெல்லாம் வெட்டி ஒட்டறவ நீ. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் டேக் நம்பர் சொல்லுவ. இன்னிக்கு மழுப்பற. காலையில ராஜினாமா குடுத்ததுலேர்ந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்க.

— ராஜினாமா இல்ல. போதும்னு சொன்னேன், அவ்வளவுதான். போர்ட்லண்டுல அக்கா தனியா இருக்கா. எனக்கும் அறுபத்தாறு ஆச்சு, கழுத்து எடது பக்கம் திரும்ப மாட்டேங்குது. பன்னண்டாவது படத்துக்கு வேற எடிட்டரப் பாத்துக்க. இந்த பர்பாங்க்ல கதவத் திறந்து ஒரு கல்ல விட்டெறிஞ்சா எடிட்டர் மண்டையிலதான் விழும்.

— வேற ஆளோட நான் படம் பண்ண மாட்டேன். பண்ணாமயே செத்துப்போவேன். அதையும் உங்க அக்காகிட்டச் சொல்லிடு.

— பயமுறுத்தறியா?

— ஆமா. நல்லாப் பண்றேனா?

— புருவத்தத் தூக்காமப் பண்ணியிருந்தா நம்பியிருப்பேன். சரி, கேளு. போறவ, உண்மையச் சொல்லிட்டே போறேன். மேடையில ஏறி எதையாவது உளறி வைக்காத. நீ கேக்கற அது எந்த டேக்கும் இல்ல.

— புரியல.

— நீ ஆக்‌ஷன் சொல்றதுக்கு முன்னாடி இருந்த மூஞ்சி அது. கிளாப் அடிச்சாச்சு, கேமரா ஓடுது. நடிக்க வேண்டியவனும் நீ, ஆக்‌ஷன் சொல்ல வேண்டியவனும் நீ. சொல்லாம சும்மா உக்காந்திருக்க, முப்பது செகண்டு, நாப்பது செகண்டு. அதுலேர்ந்து வெட்டி எடுத்து ஒட்டினது.

— இது மட்டுமா?

— எல்லாமே. முதல் படத்துல குதிரக் கொட்டகை வாசல்ல நிப்பியே, அது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டு. கோர்ட்டுல தீர்ப்பக் கேக்கறது. பத்திரிகைக்காரங்க உன் குடும்பப் பேரப் போட்டு ஹென்ஷா மௌனம், ஹென்ஷா மௌனம்னு பக்கம் பக்கமா எழுதினாங்களே, அத்தனையும் நீ நடிக்காதப்போ நான் திருடினது. ஆக்‌ஷன் சொன்னப்புறம் நீ பண்ற மௌனம் வேற. தாடைய இறுக்குவ. மூணு நாளா வெளிக்குப் போகாதவன் மாதிரி இருக்கும்.

— அடிப்பாவி.

— டிவியில எட்டு வருஷம் கௌபாய் வேஷம் கட்டினதோட வெனை. துப்பாக்கிய உருவறதுக்கு முன்னாடி தாடைய இறுக்கிப் பழகிட்ட.

— நெப்ராஸ்காவுல பெட்ரோல் போட்டுட்டிருந்தவனுக்கு இந்தத் தாடைதான் சோறு போட்டுது. மரியாதையாப் பேசு.

— நான் கொறை சொல்லல. முதல் படத்துலயே மாட்டியிருப்பேன், தெரியுமா? ஆக்‌ஷன் சொல்றதுக்குச் சரியா ஒரு நொடி முன்னாடி காலர் பட்டனப் போட்டுக்கறது உன் பழக்கம். நான் எடுத்த துண்டுல பட்டன் திறந்து கெடக்கு. முந்தின ஷாட்ல போட்டிருக்கு, அடுத்த ஷாட்ல போட்டிருக்கு, நடுவுல மூணு செகண்டு மட்டும் திறந்திருக்கு. டொலீடோவுலேர்ந்து ஒரு பல் டாக்டர் அதக் கண்டுபிடிச்சு எனக்கு லெட்டரே போட்டுட்டான். நல்லவேளை, நீ கவனிக்கல. அப்புறம் எந்தப் படத்துலயும் பட்டன் தொந்தரவு வரல. என் அதிர்ஷ்டம்.

— இத்தன வருஷமா ஏன் சொல்லல?

— சொன்னா நீ அங்கயும் நடிக்க ஆரம்பிச்சிருவியே.

— ம்.

— என்ன, கோவமா?

— இல்ல. நீ சொல்லு.

— இன்னும் ஒண்ணு இருக்கு. நீ கத்தற கத்தலுக்கு நான் மூணாவது படத்தோட ஓடியிருக்கணும். ரீல் டப்பாவத் தூக்கி இந்த ஜன்னல் வழியா எறிஞ்சவன் நீ. எங்கம்மா செத்த அன்னிக்கு போன் பண்ணி, எப்ப வேலைக்கு வருவன்னு கேட்டவன். ஆனா தினம் காலையில நான் இங்க வந்து உக்காந்து ஓட்டிப் பாப்பேன். கிளாப் சத்தம் கேட்டதும் ஒரு ஆளு வருவான். கொஞ்சம் பயந்தவன், ரொம்ப நல்லவன். ஆக்‌ஷன்னு சத்தம் வந்ததும் போயிருவான். அந்த நாப்பது செகண்டு ஆளுக்காகத்தான் முப்பத்தோரு வருஷம் ஒழச்சேன். உனக்காக இல்ல.

— அந்த ஆளு வந்து கேட்டா பன்னண்டாவது படம் பண்ணுவியா?

— ஐயோ, வார்ட்.

— பண்ணுவியா, மாட்டியா?

— பண்ணுவேன். அவனுக்கு மாட்டேன்னு சொல்ல என்னால ஆகாது. போ, ஜெயிச்சிட்ட. அடுத்த வருஷம் வரேன்னு அக்காகிட்ட இப்பவே சொல்லிடறேன். அந்த போன இங்க தள்ளு.

— போன் வேண்டாம். கொஞ்சம் இரு.

— என்ன?

— டொலீடோ பல் டாக்டர் எனக்கும் ஒரு லெட்டர் போட்டான்.

— எப்ப?

— படம் வந்த மூணாம் வாரம். தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டு ஒமாஹாவுல ஒரு தியேட்டருக்குப் போனேன். கடைசி வரிசையில உக்காந்து பாத்தேன். பட்டன் திறந்திருந்துச்சு. அத நான் எப்பப் போடுவேன்னு எனக்குத் தெரியாதா? ஊரே தலையில தூக்கி வச்சு ஆடின மூஞ்சிய நான் நடிக்கவே இல்ல, பெர்னி. ரெண்டு நாள் படுக்கைய விட்டு எழுந்திரிக்கல. அவ்வளவு அவமானம்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே.

— சொன்னா நீ அத வெட்டி எடுக்கறத நிறுத்தியிருப்ப.

— இரு, இரு. என்ன சொல்ற நீ?

— அதுக்கப்புறம் பத்துப் படம். ஒரு தடவையாவது கேமரா ஓடும்போது என் பட்டன் திறந்திருந்துச்சா? யோசிச்சுப் பாரு. ஃபிலிம் வீணாப் போகுதுன்னு தயாரிப்பாளர் குதிப்பான். கேமராமேன் டட்லி மொனகுவான். நான் பட்டனையும் போட்டுக்கிட்டு, ஆக்‌ஷன் சொல்லாம உக்காந்திருப்பேன். எதுக்குன்னு நெனச்ச?

— நடுக்கம்னு நெனச்சேன். சாமி கும்பிடறியோன்னுகூட நெனச்சேன்.

— நடிச்சிட்டிருந்தேன். அதுதான் நடிப்பு. ஆக்‌ஷனுக்கப்புறம் பண்றது நீ தூக்கிப் போடறதுக்கு. தாடைய வேணும்னேதான் இறுக்குவேன்.

— அப்ப அந்த நல்லவன்?

— முதல் படத்துல மூணு செகண்டு இருந்தான். மத்ததெல்லாம் அவனப் பாத்து நான் பண்ணினது. நல்லாவே பண்ணினேன், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

— நான்தான் வரேன்னு சொல்லிட்டேனே, வார்ட். வாய மூடிட்டிருந்தா உனக்குப் படம் கெடச்சிருக்கும்.

— தெரியும்.

— அப்புறம் ஏன் சொன்ன?

— அவனுக்காக வரேன்னு சொன்ன. அவன் இல்ல. இல்லாதவனக் காட்டி உன்ன இன்னும் ஒரு வருஷம் இந்த நாற்காலியில உக்கார வைக்க எனக்கு மனசு வரல. போர்ட்லண்டுக்குப் போ. நாளைக்கு மேடையில உன் பேரச் சொல்லுவேன், பட்டன் கதையையும் சொல்லுவேன். என் அகம்பாவம் அதுக்கெல்லாம் தாங்கும். நீ போறதத்தான் தாங்குமான்னு... என்ன, ஏன் அப்படிப் பாக்கற?

— அசையாத.

— பெர்னி?

— அசையாதன்னு சொல்றேன்ல. முப்பத்தோரு வருஷமா உன் மூஞ்சிய ஃபிரேம் ஃபிரேமாப் பாத்தவ நான். இந்த மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்கறேன். பன்னண்டாவது படத்துக்கு இவனக் கூட்டிட்டு வா.