எட்சன் வச்ச பெட்டி

இல்லீங்க தம்பி, அது இன்வெர்ட்டர் இல்ல. அரிசி டிரம்மு பக்கத்துல உர்ருன்னு கத்திட்டு இருக்கே, அதத்தானே கேக்கறீங்க? கம்ப்யூட்டருங்க. திரையத் தேடாதீங்க, கெடையாது. கீபோர்டும் கெடையாது. வெறும் பெட்டி. எங்க பையன் எட்சன் வச்சது.

கையெழுத்துதானே, போடலாம். பேனாவ மூடி வைங்க, காஞ்சிரும். நான் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடறவன் இல்ல. ஸ்கூல் லேப்ல அசிஸ்டெண்டா இருந்து ரிட்டையர் ஆனவன், லேபிள் இல்லாத பாட்டிலத் தொட்டதே இல்ல. படிச்சிட்டேன். எங்க பையன் தன்னிச்சையா பிரஸ் மிஷினோட சென்சார எடுத்துட்டு வேலை செஞ்சான், அதனால உயிர் போச்சு, கம்பெனி மேல தப்பில்லன்னு அப்பா அம்மா ஒத்துக்கறோம்னு போட்டிருக்கு. தன்னிச்சையா. நல்ல சொல்லு, யாருங்க எழுதுனது? இந்த வீட்ல அவன் தன்னிச்சையா ஒரு சட்டை எடுத்ததில்ல. அவங்கம்மா பவுலினாதான் கூடவே போய் கலர் சொல்லுவா.

இருங்க, பெட்டியப் பத்திச் சொல்லிட்டு இருந்தேன். பக்கத்து ஊரு பேரிகையில ஒரு பிரவுசிங் சென்டர மூடுனாங்க. அங்க தூசியோட கெடந்ததுங்க இது. வண்டி முன்னால வச்சுத் தூக்கிட்டு வந்தான். என்னடா, கோழி அடைக்கவான்னு கேட்டேன். சிரிச்சான். தொறந்து, தூசி ஊதி, பெருசா ஒரு டிஸ்க்கு வாங்கி மாட்டுனான். விண்டோஸ எடுத்துட்டு இலவசமா கெடைக்கிறது ஏதோ ஒண்ணப் போட்டான். வைஃபை பெட்டிக்கு ஒரு ஒயரு. அவ்ளோதான், வீட்ல இருக்கற போனுக்கெல்லாம் பொது பீரோ ஆயிருச்சு. ஆளுக்கு ஒரு தட்டு.

எதுக்குன்னா, பவுலினாவாலதாங்க. எங்க பொண்ணு டெல்சி கல்யாணத்துப் படம் பூரா அவ போன்ல இருந்துச்சு. கை தவறி அழிச்சிட்டா. ஒரு வாரம் அழுதா. அதுக்கப்புறம் பண்ணுன ஏற்பாடு. வாசல்ல செருப்பக் கழட்டறதுக்குள்ள போனு வைஃபையப் புடிச்சிக்கும். அன்னிக்கு எடுத்த படம், வீடியோ எல்லாம் தானா பெட்டிக்குப் போயிரும். போன்ல அழிச்சாலும் பெட்டியில அழியாது. வேணும்னேதான் அப்பிடி வச்சான், அம்மா கையப் பத்தி அவனுக்குத் தெரியும்.

இப்ப அத அணைக்க விட மாட்டேங்கறா. வீட்ல ஒரு சத்தம் இருக்கட்டும்ங்கறா. உள்ள இருக்கற ஃபேன் சத்தம்டி அதுன்னேன். எனக்குத் தெரியும், பேசாம இருங்கன்னுட்டா.

ஆமாங்க, அவன் போனு வந்து சேந்துச்சு. விசாரணைக்குன்னு நீங்க வாங்கி வச்சிருந்தத, முப்பதாம் நாள் பூசைக்கு முன்னாடி குடுத்து விட்டீங்க. தொறந்தா, எந்த மொழி வேணும்னு கேக்குது. கடையில வாங்குன புதுப் போனு கணக்கா. ஒரு படம் இல்ல, ஒரு நம்பர் இல்ல. நான் முப்பது வருசம் டெஸ்ட் டியூப் கழுவுனவன் தம்பி, சுத்தம்னா என்னன்னு எனக்குத் தெரியும். யாரோ நல்லாக் கழுவியிருக்காங்க.

கோவம் இல்லீங்க. சொல்றேன், அவ்ளோதான்.

கல்லறைக் கல்லுல பதிக்க ஒரு படம் வேணும்ல. அதுக்காகத்தான் பெட்டியில அவன் தட்டத் தொறந்தோம். படம் இருந்துச்சு. கூடவே வரிசையா வீடியோ, எல்லாமே வேலைக்குப் போன நாள்ல எடுத்தது. போட்டா, வெறும் கறுப்பு. கெட்டுப் போன ஃபைலுன்னு மூடப் போனேன். பவுலினாதான் கையப் புடிச்சா. சத்தம் வருதுங்கன்னா.

உங்க கேட்டுல செக்யூரிட்டிக்காரங்க ஒவ்வொரு போனுக்கும் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டித்தானே உள்ள விடறாங்க? கேமராவுக்கு ஒட்டறாங்க. மைக்குக்கு ஒட்டறதில்ல. ரெக்கார்டுல போட்டு சட்டைப் பையில வச்சிருக்கான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

மிஷின் சத்தந்தான் நெறைய. நடுவுல எங்க புள்ள பேசறான். சார், சென்சார எடுத்துட்டா கை உள்ள இருந்தாலும் மிஷின் நிக்காது சாருங்கறான். இன்னொருத்தர் சொல்றாரு, அது நின்னு நின்னு போறதாலதான் புரொடக்‌ஷன் வரல, ஒயர நேரா போடு, பேகா பேகான்னு கன்னடத்துல அவசரப்படுத்தறாரு. கொஞ்சம் கழிச்சு, ஆயித்தா, ஆயித்தான்னு, முடிஞ்சுதான்னு கேக்கறாரு. வேற வேற நாளு. ஒரே குரலு. கடைசி நாளோடது மட்டும் இல்ல. அன்னிக்கு அவன் போனு வீட்டுக்கு வரலயே.

பெட்டிய ஏன் பாக்கறீங்க? டெல்சி வீட்டுக்கு ஒரு காப்பி போயிருச்சு. வக்கீலுக்கும் போட்டுக் குடுத்தாச்சு. கேட்டுட்டு அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, இது யாரு குரலுன்னு. எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? கூட வேலை பாத்த பசங்களுக்கும் போட்டுக் காட்டுனோம். எல்லாரும் தரையப் பாத்தாங்க. பாவம், அவங்களுக்கும் வேலை வேணும்ல. அதுலதான் கேஸு நின்னு கெடக்கு.

எந்திரிக்காதீங்க தம்பி, உக்காருங்க. ஆபீஸ்லேர்ந்து வர்றேன்னீங்க, சரி. உள்ள வரும்போது, ஊட்டா ஆயித்தா சார்னு, சாப்டாச்சான்னு மரியாதையாத்தான் கேட்டீங்க. அடுப்படியில குக்கரு பாட்டுக்குக் கத்துது, பவுலினா அணைக்கல பாருங்க. நீங்க வாயத் தொறந்ததுலேர்ந்து அந்தக் கதவுக்குப் பின்னாலதான் நிக்கறா. நாள் பூரா அவ போட்டுப் போட்டுக் கேக்கறது அந்தக் குரலத்தான்.

உங்க பேரு மட்டும் சொல்லிட்டுப் போங்க.