பலகையில் கட்டிய செடி

ஒரு ஆர்க்கிட் செடியைத் தொட்டியில் வைப்பதா, பலகையில் கட்டுவதா என்பது பார்க்கச் சின்ன விஷயம்தான். எனக்கு ஒரு வாரம் வேறு நினைப்பே இல்லை. நீங்கள் முதலில் கேட்டது மெஷினைப் பற்றி. அதற்கும் செடியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் செடி. மேகம் தங்கும் மலைக்காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிற வகை. தொட்டியில் பாசியை நிரப்பி வைத்தால் பாசியே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அறை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பலகையில் கட்டினால் வேர்களெல்லாம் வெளியே தெரியும், அழகாக இருக்கும். ஆனால் அறை முழுவதையும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். கொடுத்தவரே சொன்னார்: "தொட்டியிலயே இருக்கட்டுங்க. வீட்டுக்கு அதுதான் சரிப்படும்."

நான் பலகையில் கட்டினேன்.

கொடுத்தவர் யார் என்று கேட்பீர்கள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவள். இருபத்தாறு வருடமாக அதே மேஜை. அவர் ஒரு காலத்தில் எங்கள் கடைக்கு லென்ஸ் கொண்டுவந்து போட்டவர். பல வருடம் கழித்து, போன வருடம், படிக்கிற கண்ணாடி போட வந்தார். காத்திருந்த நேரத்தில் தான் வளர்க்கும் செடிகளின் படங்களையும் மகளின் கல்யாணப் படத்தையும் காட்டினார். பிறகு யாரோ ஒருவர் கதையைச் சொல்வதுபோல, "அப்ப உங்களைக் கேட்டு வீட்டுக்கு வந்தேன். உங்களுக்கு இஷ்டமில்லன்னு உங்க அக்கா சொன்னாங்க. சரின்னு விட்டுட்டேன்" என்றார்.

என்னை யாரும் பெண் கேட்டதாகவே எனக்குத் தெரியாது. கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் செடியோடு வந்தார்.

அக்காவைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, கணக்கு டீச்சர் வேலை பார்த்து என்னை ஆளாக்கியவள். எனக்குச் செருப்பு வாங்குவதானாலும் அவள்தான் பார்த்து எடுப்பாள். அவர் கண்ணாடி வாங்கிப்போன அன்று சாயங்காலமே அவளிடம் கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ஆமா, வந்தான். நீ போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்றாள். மழுப்பவில்லை பாருங்கள், அதற்காக அவளை மதிக்கிறேன். எனக்குக் கோபம் ஏதும் வரவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அவளுக்கு நுரையீரலில் தழும்பு விழுந்திருந்தது. செடி வருவதற்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஈரமோ பூஞ்சையோ இருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அது வெறும் தும்மல், இவளுக்கு உயிர்ப் பிரச்சினை என்றார். எனக்கு நன்றாகவே புரிந்தது. வீட்டுக்கு வந்து எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தவளும் நான்தான்.

செடிக்குக் காலை வெளிச்சம் வேண்டும். அது அக்காவின் அறையில்தான் வரும். அதனால் அவள் தலைமாட்டுச் சுவரில் பலகையை மாட்டினேன். காற்றில் ஈரம் கக்கும் மெஷின் ஒன்று வாங்கி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜன்னல் திறந்திருந்தால் ஈரம் போய்விடும் என்பதால் சாத்தினேன். அக்கா குளிருகிறது என்றாள், போர்வை கொடுத்தேன். மூச்சு முட்டுகிறது என்றாள், தலையணையை உயர்த்தி வைத்தேன். "தொட்டியில வச்சுத் தொலையேன்டி" என்றாள் ஒருநாள். தொட்டியில் வேர் அழுகிவிடக்கூடும் என்று பொறுமையாக விளக்கினேன். நான் ஒன்றைத் தீர்மானித்து, அதை அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் மாதம் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்தது. ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி அடித்துவிட்டு, பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். மருத்துவர் மூன்று முறை, வீட்டில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். அக்கா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள், அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் கேட்கும் எதையும்விட அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது.

ஒரு மத்தியானம் மெஷினில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"தெரிஞ்சேதான் செய்றியா?"

"செடிக்குக்கா" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு ஜன்னலைத் திறக்கச் சொல்லவே இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டாள். மருத்துவர் சந்தேகப்பட்டு உங்களிடம் சொன்னது நியாயம்தான். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் ஆட்கள் அறைக்குள் வந்தபோது பலகையில் நூல் மட்டும்தான் சுற்றியிருந்தது, செடி எங்கே என்று கேட்டீர்கள். காற்றே புகாத அறையில் அந்த வகைச் செடி நிற்காது. மூன்றாம் மாதக் கடைசியில் குருத்து கறுத்து அழுகிவிட்டது. நான்தான் பிய்த்துக் குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் மெஷின் ஓடியது உண்மை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை தண்ணீர் நிரப்பாவிட்டால் அது தானாகவே நின்றுவிடும் என்பதும் உண்மை. நிறுத்த மறந்துவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.