எங்க வூட்டுல ஏழு பேரு

ஒங்க ரேட்டிங் பொட்டி கெட்டுப்போச்சு தம்பி. எழுதிக்க. கழட்டி எடுத்துக்கினு கெளம்பு.

இன்னா? டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டியா. நல்லா இருக்கா. நல்லா இருக்குற பொட்டிக்கா மெட்ராஸ்லேர்ந்து கடலூருக்கு பஸ் ஏறி வந்த? சரி, உக்காரு. அந்த நாற்காலி வேணாம், காலு ஆடும். இப்பிடி என் பக்கமா வா. மெதுவா பேசு. கூடத்துல ஒரு ஆளு அவரக்காய் ஆஞ்சுக்கினு உக்காந்திருக்கான் பாரு, அவன் காதுல வுழக்கூடாது. யாரா இருந்தா ஒனக்கு இன்னா? அந்தப் பக்கம் பாக்காத.

ஆமா, வூட்டுல மூணு பேருதான். வைத்திலிங்கம்ங்கிறது நானு. பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவன். எம் பொண்டாட்டி தங்கம்மாள். பொண்ணு தமிழ்ச்செல்வி, சிதம்பரத்துல கணக்கு டீச்சர், தெனம் பஸ்ஸுல போய் வர்றா. ரிமோட்ல ஒன்னு நானு, ரெண்டு அவ, மூணு பொண்ணு, மிச்சமெல்லாம் விருந்தாளி. பொட்டிய மாட்டும்போதே ஒங்க ஆளு சொன்னான். டீவி முன்னாடி யாரு உக்காந்தாலும் அவுங்கவுங்க பட்டன அமுக்கணும். அப்பதான் எந்த நிகழ்ச்சிய எத்தினி பேரு பாக்குறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். எங்க வூட்டு ஒரு தலை, கணக்குல ஆயிரக்கணக்கான தலையாம். அத அவன் சொல்லாம இருந்திருக்கலாம்.

ஒங்க கணக்குல ஏழு பேரு வந்துதா? மெதுவா சொல்லு.

மொதல்ல நிகழ்ச்சி எப்பிடின்னு கேளு. அதுக்குத்தான ஒனக்கு சம்பளம். ரெண்டு டீவியோட காலை நிகழ்ச்சியும் குப்பை. எழுதிக்க. ஒரு டீவில பட்டுப்பொடவை கட்டின பொண்ணு. விடியறதுக்குள்ள தலை நெறைய பூ. சிரிச்சுக்கினே வணக்கம் சொல்லும், சிரிச்சுக்கினே சாவுச் சேதியும் சொல்லும். இன்னொரு டீவில ரிட்டையர் ஆன வாத்தியாரு ஒருத்தரு. மனுசனுக்குப் பொறுமை வேணும்பாரு. அத முழுசா கேக்க எனக்குப் பொறுமை இல்ல. அவரு எந்திரிச்சா சக்கரை டாக்டரு. பாவக்காய் தின்னுன்னு சொல்லிட்டுப் போவாரு, பின்னாடியே வெளம்பரத்துல மைசூர்பாகு வரும்.

நியூஸா? அது ஒரு கட்சி டீவி, இது ஒரு கட்சி டீவி. பெண்ணையாத்துல தண்ணி வந்தா ஒன்னுல கடலூரே முழுகிப்போச்சு, இன்னொன்னுல லேசான தூறல். நான் வாசக்கதவத் தொறந்து பாத்துக்குவேன்.

தெருவுல இன்னா சொல்றாங்கன்னா கேக்குற? பக்கத்து வூட்டு புஷ்பவள்ளி ஜாக்கெட் தைக்கிறவ. கவர்மெண்டு குடுத்த டீவில பொடவைக்காரப் பொண்ணத்தான் பாப்பா. கழுத்து டிசைனுக்கு. அந்தப் பொண்ணு மூஞ்சி எப்பிடிம்மா இருக்கும்னு கேட்டா தெரியாதும்பா. டீக்கடை ராஜமாணிக்கம் வாத்தியாரு நிகழ்ச்சிதான் போடுவான். நல்ல கருத்துக்கா? அட போய்யா. பொண்ணப் போட்டா ஒத்த டீய வெச்சுக்கினு பெஞ்ச விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறானுங்க. வாத்தியாரப் போட்டா மளமளன்னு குடிச்சுட்டு எந்திரிச்சுப் போறானுங்க, யாவாரம் ஓடுது. ஒங்க ரேட்டிங்குல இதெல்லாம் வருதா? வராது.

ராசிபலனுக்கு வரேன் இரு. அவசரப்படாத. அவசரம் என் வேலை.

பொடவைக்காரப் பொண்ணு நிகழ்ச்சில நடுவுல ஒரு ஆளு வந்து பலன் சொல்லுவான். சிதம்பரம் தில்லைநாதன். பட்டை பட்டையா திருநீறு, கழுத்துல கொட்டை. தெரியுமா? ஒங்க அம்மா பாப்பாங்களா? ஒங்க அம்மாவுக்கு இன்னா ராசி? கும்பமா. கும்பத்துக்கு அவன் நல்லதா ஒன்னும் சொல்லி நான் கேட்டதில்ல.

அவன் என் மச்சான். எம் பொண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி.

வாயத் தொறக்காத. கேளு. எம் பொண்ணுக்கு ஜாதகம் பாத்தவன் அவந்தான். பத்துப் பொருத்தமும் அம்சமா இருக்குன்னான். பதினோராம் மாசம் பொண்ணு துணிப்பையோட வாசல்ல வந்து நின்னா. மாப்ள குடிகாரன். அது எந்தக் கட்டத்துலயும் இல்லியாம். அன்னிக்குச் சொன்னேன், இனிமே அவன் இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது, நாமளும் அங்க போகக்கூடாதுன்னு. அஞ்சு வருசம். தங்கம்மாள் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அவன் பொண்டாட்டியும் செத்து ஒண்டிக்கட்டையா ஆயிட்டான். அப்பவும் இவ பேசல. நான்தான் சாவுக்குப் போய் வாசல்லயே நின்னுட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு நாளு டீவில வந்து உக்காந்திருக்கான். எம் பொண்ணு வாழ்க்கையச் சொல்லத் தெரியாதவன் தமிழ்நாட்டுக்கே பலன் சொல்றான்.

இவ பாத்தாளா? பாத்தா. அவன் வர்ற நேரம் நான் ராஜமாணிக்கம் கடைக்குப் போயிடுவேன். டீ நல்லா இருக்குமான்னு கேக்காத. கழனித்தண்ணி. அந்த நேரத்துல நான் வூட்டுல இருந்தா அவ போட மாட்டாளே. இன்னா பண்றது?

பொட்டி வந்தப்புறம் ஒங்க கணக்குல இன்னா வந்துது? அந்தத் தில்லைநாதன தெனம் தவறாம நான் பாக்குறேன்னு வந்துது. சிரிக்காத. தப்பு பொட்டி மேல இல்ல. அவ என்னிக்காவது எனக்கு முன்னாடி சாப்ட்டிருக்காளா? எனக்கு எலை போடாம அவ உக்கார மாட்டா. அதே மாதிரி பொட்டிலயும். மொதல்ல ஒன்ன அமுக்குவா, அப்புறந்தான் ரெண்டு. ஆம்பள இருக்கும்போது நான் எப்பிடி முன்னாடி அமுக்குறதுன்னு கேட்டா. நான் டீக்கடைல நிக்கிறேன், எம் எலை இங்க போட்டுக் கெடக்குது.

சரி, ஏழு பேரு. வரேன்.

பொங்கல் முடிஞ்சு அவன எடுத்துட்டானுங்க. ரேட்டிங் பத்தலையாம். அவன் எடத்துல ஒரு சின்னப் பையன், கோட்டு போட்டுக்கினு, பேர்ல எழுத்த மாத்துன்னு சொல்லிக்கினு இருக்கான். இவ நாலு நாளு டீவி முன்னாடி உக்காந்து பாத்தா. அஞ்சாம் நாளு பையில ரெண்டு பொடவைய வெச்சா. நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன், அவன் சாப்ட்டானா இல்லியான்னு மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்னா. நான் வேணாம்னேன். அவ என்னையக் கேக்கவே இல்ல, சொல்லிட்டுப் போறா. சிதம்பரம் பஸ்ஸ ஏத்திவுட்டதே நான்தான். டைம் எனக்குத்தான தெரியும்.

போனவ வரல. ஒரு வாரம், ரெண்டு வாரம். போன் பண்ணா தம்பிக்கு ஒடம்பு எளைச்சுப்போச்சுங்கிறா. நான் மட்டும் இன்னா பெருத்தா கெடக்கேன்?

போய்க் கூட்டிக்கினு வரலாம்தான். அவன் வாசப்படிய நான் மிதிக்கணுமே.

அப்பதான் ஒங்க ஆளு சொன்னது நெனப்பு வந்துது. ஒரு தலைக்கு ஆயிரம் தலை. எடுத்தேன் ரிமோட்ட. ஒன்னு, ரெண்டு, மூணு, விருந்தாளி நாலு பேரு. டிப்போலேர்ந்து பஸ்ஸு கெளம்புற மாதிரி ஆள ஏத்தினேன். கோழி கூவறதுலேர்ந்து பொடவைக்காரப் பொண்ணு டாட்டா சொல்றவரைக்கும் ஏழு பேரும் எந்திரிக்கல. அது சிரிச்சுது, நாங்க பாத்தோம். மருதாணி வெச்சுது, பாத்தோம். வாழைப்பூ வடை சுட்டுது, அதையும் பாத்தோம். அந்த நிகழ்ச்சிக்கு ரேட்டிங் ஏறினா பழைய ஆளத் திரும்பக் கூப்புடுவானுங்க, அவன் டீவில வந்தா இவ வூட்டுக்கு வந்துடுவா. கணக்கு சரிதான? சரியில்ல. ரேட்டிங் ஏறினதுக்கு அந்தக் கோட்டுப் பையன்தான் காரணம்னு அவனுக்கு அரை மணி நேரம் குடுத்துட்டானுங்களாம்.

ஷ்ஷ். இதத்தான் சத்தமா கேக்காதங்கிறேன். தன்ன டீவில கொண்டார நான் பட்டன் அமுக்கினேன்னு கூடத்துல இருக்குற ஆளுக்குத் தெரிஞ்சா நான் தெருவுல நடக்க முடியுமா?

ஆமா, அவந்தான். திருநீறு இல்லாம இருந்தா அடையாளம் தெரியாது. ஒனக்குக் கதவத் தொறந்துவுட்டானே, அப்பவே மொறைச்சு மொறைச்சு பாத்த.

அது எப்பிடின்னா, ஒரு நாளு பள்ளிக்கூடம் லீவு. தமிழ்ச்செல்வி எந்திரிச்சு வந்து பாத்திருக்கா. நான் ஒண்டியா உக்காந்துக்கினு ஏழு பேர ஏத்திக்கினு இருக்கேன். ரிமோட்ட வாங்கி டீவி மேல வெச்சா. அப்புறம் சொன்னா பாரு. அஞ்சு வருசமா அவ மத்தியானச் சோறு மாமன் வூட்டுலதானாம். தங்கம்மாள் கட்டிக் குடுக்குற டிபன் கேரியர்ல பாதி அவனுக்குத்தானாம். அதான் பொண்ணு ஜாஸ்தி சாப்புடுறாளேன்னு நான் நெனச்சுக்கினு இருந்திருக்கேன். என் வூட்டு சாம்பாரத் தின்னுட்டுத்தான் அவன் எளைச்சிருக்கான்.

வாழ்க்கை போனது எனக்கு, எனக்கே மாமா மேல இல்லாத கோவம் ஒனக்கு எதுக்குப்பான்னா.

அவ கெளம்பிப் போனா. சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸுலேர்ந்து மூணு பேரு எறங்கினாங்க. மச்சான் வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நின்னான். படி ஏறல. உள்ள வந்து காத்தாடி கீழ உக்காருன்னேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு மாசமா இங்கதான் கெடக்குறான்.

இப்பல்லாம் காலைல டீவி போடுறதே இல்ல. இட்டிலி தின்னுக்கினே அவன் நேர்லயே பலன் சொல்றான். அதான் ஒங்க கணக்குல ஏழு பேரும் ஒரே நாள்ல காணாமப் போயிட்டோம். இன்னிக்கு என் ராசிக்கு வெளியூர் ஆளால தொந்தரவுன்னான். கொஞ்சம் தேறியிருக்கான்.

காப்பி குடி, ஆறிடப் போவுது. தங்கம்மாள் போட்டது, மெட்ராஸ்ல கெடைக்காது.

இரு. அவரக்காய் ஒடிக்கிற சத்தம் நின்னுபோச்சே. கேட்டுட்டான் போல. திரும்பாத. சிரிக்கிறானா? எனக்குச் சொல்ல வேணாம்.

எழுதி முடி. பழுதுன்னு போட்டுட்டல்ல. இன்னும் இன்னா? சரி செஞ்சவரு பேரா? அந்தக் கட்டத்த சும்மா வுடக்கூடாதா?

போட்டுக்க. தமிழ்ச்செல்வி.