மாரீஸ்வரியின் முகவரி

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டரம்மா. பரவாயில்லை, குடிக்கலாம்.

என் பெயர் ரேணுகாதேவி. மனநல ஆலோசகர்களை உருவாக்கப் போகும் ஆசிரியர்களுக்கு முனைவர் பட்டப் பயிற்சி தருகிறேன். பத்தொன்பது வருடங்களாக இதே வேலை. என் மாணவர்கள் பாளையம்பட்டியில் உள்ள எங்கள் மையத்தில் ஆலோசனை தருவார்கள். வருகிறவர்களின் சம்மதத்தோடு அந்தப் பேச்சைப் பதிவு செய்து என்னிடம் தருவார்கள். நான் கேட்டுத் திருத்தங்கள் சொல்லிவிட்டு, பதிவை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஜெப ஷீலா திருச்சுழிப் பெண். நான்காம் வருடம். நன்றாகச் செய்தாள், அதை நான் மறுக்கவில்லை.

ஜூன் மாதம், முதல் வருட மாணவர்கள் பன்னிரண்டு பேர் முன்னால், பயிற்சி பெறும் ஆலோசகர் ஒருவரை எப்படி வழிநடத்துவது என்று நான் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். அதற்காக எதிரே உட்கார்ந்திருந்த சண்முகவடிவு என்ற மாணவி பேசும்போதே அழுதுகொண்டிருந்தாள். நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஜெப ஷீலா மெதுவாகச் சொன்னாள்: “மேடம், அவ இன்னும் பேசி முடிக்கல.”

யாரோ சிரித்தார்கள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன். சண்முகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

ஜெப ஷீலாவிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்தவள் மாரீஸ்வரி. புருஷன் வீரபாண்டி கையில் சூடு வைத்ததால் வீட்டை விட்டு வந்தவள். ஆகஸ்டில் எனக்கு வந்த பதிவில், மல்லாங்கிணற்றில் ஒரு தையல் கடை மாடியில் குடியிருப்பதாகச் சொல்லியிருந்தாள். குரலில் பயம் குறைந்திருந்தது. ஜெப ஷீலாவின் திறமைதான்.

எங்கள் படிவத்தில் ‘யாருக்குத் தகவல் தரக் கூடாது’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைச் சேர்த்தது நான். வீரபாண்டியின் எண் அதில் இருந்தது. துறை அலுவலகத் தொலைபேசியிலிருந்து பேசினேன்.

“உங்க வீட்டம்மா மல்லாங்கிணத்துலதான் இருக்காக. தையக்கடை மாடி.”

“நீங்க யாரு பேசுறது?”

“வேண்டியவுகதான்.”

அவன் போய்ச் சத்தம் போடுவான், ரகசியம் வெளியே போனதற்கு ஜெப ஷீலா பதில் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம். அவன் அரிவாளோடு போனான். மாரீஸ்வரி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். திட்டத்தை மாற்ற வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. ரகசியத்தை வெளியே விட்டதாக ஜெப ஷீலா மேல் புகாரை நானே எழுதினேன்.

விசாரணைக் குழு ஜெப ஷீலாவிடம் அந்தப் பதிவைக் கேட்டது. குழுவில் நானும் இருந்தேன். அந்தப் பதிவில் மாரீஸ்வரி, “எங்கக்காகிட்டயும் இடத்தச் சொல்லிட்டேன்” என்கிறாள். அந்த ஒரு வரி போதும், பழி ஜெப ஷீலா மேல் மட்டும் விழாமல் இருக்க. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் தரவில்லை. “அவுக செத்துட்டாலும் அவுக சொன்னது அவுகளோடது சார். நான் குடுக்க மாட்டேன்” என்றாள்.

மறைக்கிறாள் என்று குழு முடிவு செய்தது. அவளை முனைவர் படிப்பிலிருந்து நீக்கும் காகிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேடம், நீங்களாவது என்ன நம்புறீகள்ல?”

நம்புகிறேன் என்றேன். அது உண்மைதானே. என் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த அழைப்பு போன நேரத்தில் ஜெப ஷீலா வகுப்பில் இருந்தாள் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். சரிதான். பேசியது நான். மாரீஸ்வரி எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குச் சொன்னதும் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். படிப்பே போனாலும் அந்தப் பெண் ஒரு வார்த்தையை வெளியே விடவில்லை பாருங்கள், அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.