மாவுதானே

எங்கள் ஊரில் துணி மிதிக்கிறவன் கால்தான் சுத்தமான கால். மூத்திரமும் களிமண்ணும் கலந்த தொட்டியில் நாள் முழுக்க நின்று கம்பளியை மிதித்து வெளுக்கிறவனிடம் அழுக்கு எங்கே ஒட்டும்? நாற்றம் வேறு விஷயம்.

நாற்பது வயதில், அந்தத் தொட்டியடியில்தான் எழுத்துப் படித்தேன். சொல்லித்தந்தவள் மரோயி, கம்பளி சிக்கெடுக்கிற விதவை, என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஈரத் துணியில் விரலால் ஓர் எழுத்தைக் கீறுவாள். நான் வாசித்துவிட்டு அதன் மேலேயே மிதிப்பேன். தடயம் இருக்காது. நம் பேச்சில் எழுதிய சுவிசேஷத் தாள்கள் நாலைந்து அவளிடம் இருந்தன. குருமார் தடை செய்தவை; வாசிக்கிறவனுக்கும் ஆபத்துதான்.

"கோலாரு, உன் காலுக்கு இருக்கிற புத்தி தலைக்கு இல்லையே" என்பாள்.

ஈஸ்டருக்கு மறுநாள், கிறிஸ்துவின் உடல் என்று கோயிலில் கொடுக்கிற நற்கருணை அப்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. முதுகுவலியில் மனுஷன் என்னவும் சொல்வான். "எல்லாம் மாவுதானே" என்றேன்.

"வாயை மூடு, கழுதை" என்று மரோயி சிரித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் போனவன் காதில் சொல் விழுந்தது. மிதிக்கிற சத்தத்தில் யார் குரல் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவன் போய்ச் சொல்ல, மதத் துரோகத்தை விசாரிக்கிற குருமார் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை, இதைக் கவனியுங்கள். அந்தச் சொல் தொட்டியடியில் கேட்டது, மரோயி அங்கே இருந்தாள், சிரித்தாள் என்றேன். மூன்றும் உண்மை. எழுத்தர் எழுதித் தாளை என் பக்கம் திருப்பினார். 'மரோயி சிரித்துக்கொண்டே சொன்னாள்' என்றிருந்தது.

"படிக்கத் தெரியுமாய்யா உனக்கு?"

"மிதிக்கத்தாங்க தெரியும்."

"அப்ப குறி போடு."

தப்பு என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். சிலுவைக்குறி போட்டேன். இரண்டு கோடு.

சந்தைத் திடலில் அதை உரக்க வாசித்தபோது மரோயி என்னைப் பார்த்தாள். இவனுக்குப் படிக்கத் தெரியும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதில் எனக்கு இன்றும் அவள் மேல் கோபம்தான். பாரம் முழுவதையும் என் தலையில் வைத்துவிட்டுப் போனாள். அவளை அங்கேயே எரித்தார்கள். மதியம் தொட்டிக்குத் திரும்பினேன். ஊறிய துணி காத்திருக்காது.

முப்பது வருஷம் கழித்து, அவள் மகள் ஆனெஸ் உயர் மன்றம்வரை அலைந்து வழக்கைத் திறக்க வைத்தாள். பழைய சாட்சிகளில் நான்தான் மிச்சம். எல்லாவற்றையும் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனேன்.

"மிரட்டினாங்களா, பெரியவரே?" என்றார் புது எழுத்தர்.

"இல்லீங்க."

"இன்னும் பயம் தெளியல பாரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு, மிரட்டினார்கள் என்று எழுதினார்.

"ஐயா, அந்தச் சொல்லு... நான்தாங்க சொன்னேன்."

"நீங்க சாட்சி சரியாத்தான் சொன்னீங்க. அந்தப் பழைய எழுத்தன்தான் மாத்தி எழுதிட்டான். அதான் தெரிஞ்சுபோச்சே."

"அது இல்லீங்க..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வெளியில இன்னும் ஆள் நிக்குது."

இவர்களிடம் என்னதான் செய்வது? ஆனெஸ் வேறு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உங்களையும் ஏமாத்திட்டாங்களே" என்று அழுதாள்.

பிறகு தாள் வந்தது. 'எழுத்தறியாத கோலார், எழுத்தரின் வஞ்சனையால் குறியிட்டான். மேற்படி பெண் குற்றமற்றவள்.' வரி வரியாகப் படித்தேன். தாளின் மேலே இருந்த அவள் பெயரில் நடுவே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. துணியில் அவள் எனக்கு முதலில் கீறிக் காட்டியதே அந்தப் பெயரைத்தான்.

"வாசிச்சுக் காட்டவா, பெரியவரே?"

"நீங்க எழுதினா சரியாத்தாங்க இருக்கும்."

சிலுவைக்குறி போட்டேன். படிக்கத் தெரியுமா என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.