மோட்டார் போடும் முறை

பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் கெட்டுப்போவது கதவும் சுவரும் இல்லை அம்மா, குளியலறைதான். தண்ணீர் போகாமல் இருந்தால் குழாய் வழியாக நாற்றம் மேலே ஏறிவிடும். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்பது வருஷம் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டால் தானாகத் தெரிந்துவிடும்.

நீங்கள் எழுதுகிற வேகத்துக்கே சொல்கிறேன். என் பெயர் பரிமளா, வயது நாற்பத்தெட்டு. வீட்டுக்காரர் பெயர் சேட்டு. உத்திரமேரூரிலிருந்து புக்கத்துறை போகிற ரோட்டில் எங்கள் ஊர் ஸ்டாப்பில் இறங்கினால் முதலில் தெரியும் மாடி வீடு, என் வீட்டுக்காரரின் அண்ணன் வேதகிரியுடையது. அதற்குப் பின்னால் நானூறு அடி தள்ளி, சிமெண்ட் ஷீட் போட்ட வீடு எங்களுடையது. அண்ணன் தம்பிக்கு நிலம் சரிபாதியாகத்தான் பிரிந்தது. அவர் பங்கு ரோட்டோரம் விழுந்தது, கம்பெனிக்காரர்கள் வந்து வாங்கினார்கள். எங்கள் பங்கு ஏரிப்பக்கம் விழுந்தது. நல்ல மழை பெய்தால் இன்றைக்கும் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

வீடு கட்டி முடித்த மறு வருஷம் அவர் மகள் ஸ்வேதாவுக்குப் புனேயில் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ளப் போன மூத்தாரும் அவர் மனைவி பிரபா அக்காவும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் வருவதோடு சரி. “நம்ம வூடு மாதிரி பாத்துக்க பரிமளா” என்று சொல்லி அக்கா என் கையில் சாவியைக் கொடுத்தார். நானும் அப்படியேதான் பார்த்துக்கொண்டேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க வேண்டியது இனி ஒன்றும் இல்லை. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே போவேன். பெருக்கித் துடைத்துவிட்டு மாடி அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு அக்காவின் கட்டிலில் நாலு மணி வரை படுப்பேன். அந்த அறையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் எங்கள் வீட்டு ஷீட் தெரியும், அதனால் அதைத் திறப்பதில்லை. என்னை யாரும் எந்த ஊருக்கும் கூட்டிப்போனதில்லை. நானூறு அடி நடந்துபோய் இரண்டு மணி நேரம் மாடி வீட்டுக்காரியாக இருந்துவிட்டு வருவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன ஆவணியில் ஸ்வேதா போன் செய்தாள்.

“சித்தி, வீடு சும்மா பூட்டியே கிடக்கக் கூடாது. யாராவது உள்ள தங்கினாத்தான் நல்லா இருக்கும். அதுக்குன்னே ஒரு ஆப் இருக்கு. ஊர் சுத்தறவங்க வந்து நம்ம வீட்ட, நாய, செடிய எல்லாம் பாத்துப்பாங்க. அவங்களுக்கு வாடகை இல்லாம தங்க இடம் கிடைக்கும். உங்களுக்கும் சிரமம் குறையும்.”

“எனக்கு இன்னாம்மா சிரமம்” என்றேன். அவள் சிரித்தாள். நான் பெருந்தன்மையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். யாராவது உள்ளே தங்க வேண்டும் என்றால், அந்த யாராவது நானாக இருக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருஷத்தில் அவளுக்கும் தோன்றவில்லை, அவள் அம்மாவுக்கும் தோன்றவில்லை.

இளமதி ஒரு ஸ்கூட்டரில் வந்தாள். இரண்டு பை, ஒரு லேப்டாப். முப்பது முப்பத்தொரு வயது இருக்கும். ஈரோட்டுப் பக்கம். இரண்டு வருஷமாக எங்கேயும் வாடகை கொடுத்ததில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். குன்னூரில் யாரோ ஒரு டாக்டர் வீட்டுப் பூனைகளுக்குச் சோறு வைத்தாளாம். பாண்டிச்சேரியில் கடலைப் பார்த்த வீட்டில் மூன்று மாதம் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாளாம். நான் செய்த அதே வேலைதான். அவள் செய்தால் ஊர் சுற்றிப் பார்ப்பது, நான் செய்தால் சொந்தக்காரி ஒத்தாசை.

பொறாமையா என்று கேட்டீர்கள். ஆமாம் அம்மா, பொறாமைதான். வயிறு எரிந்தது. ஆனால் நான் அதை வெளியே காட்டவில்லை. வந்த அன்றைக்கே குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் கெட்ட பெண் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. லேப்டாப் வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். குடவோலைக் கல்வெட்டு, ஐயங்கார்குளத்துக் கிணறு, புள்ளலூர் வயல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வந்து சாயங்காலம் எனக்குக் காட்டுவாள். “புள்ளலூர் நெஜமாவே போர் நடந்த எடங்க ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியுங்களா?” என்பாள். நான் வாக்கப்பட்டு வந்து இருபத்தாறு வருஷமாக இருக்கிற ஊரின் சுற்றுப்பக்கத்தை அவள் வந்து எனக்குக் காட்டினாள். டைகர் என்று ஒரு நாய். குட்டியாக வந்ததிலிருந்து நான் சோறு போட்டு வளர்த்தது. பத்தே நாளில் அது அவள் காலடியில் படுத்துக்கொண்டு, நான் கேட்டைத் திறந்தால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

மத்தியானங்களில் என் வீட்டில் படுத்துப் பார்த்தேன். ஷீட்டுக்குக் கீழே புரட்டாசி வெயில் எப்படி இருக்கும் என்று நான் மறந்தே போயிருந்தேன். தூக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் அவள் அந்தக் கட்டிலில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன்.

அவள் ஒருநாள் என் கொண்டை ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்ததாம்.

“ஆன்ட்டி, நான் ஸ்வேதாகிட்ட எதுவும் சொல்லலைங்க. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து படுத்துக்கங்க. நான் கீழ உக்காந்து வேல பாத்துக்கறேன். நீங்க என்னோட கெஸ்ட்டுங்க” என்றாள்.

அன்போடுதான் சொன்னாள். என் வீட்டுக்கு என்னையே விருந்தாளியாகக் கூப்பிட்டாள். நான் ஊசியை வாங்கித் தலையில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. காலை ஆறரைக்கு மோட்டார் போடுவது. வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்த பிறகும், அந்த ஒரு வேலைக்காகத்தான் கேட்டின் இன்னொரு சாவி மட்டும் என் இடுப்பில் இருந்தது. மோட்டார் ரூம் பின்னால் தனியாக இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டி இரும்பு. அதில் கரண்ட் இறங்கும். எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியன் சொன்னபோது மூத்தார் புனேவுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். “நம்மாளுங்களுக்குத்தான் தெரியும்ல, அப்பால பாத்துக்கலாம்” என்று ஒரு மணைப்பலகையைக் கீழே போட்டு, காய்ந்த சவுக்குக் குச்சி ஒன்றை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். பலகையில் ஏறி நின்று குச்சியால் பட்டனை அழுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதி பம்ப்செட்டில் இப்படித்தான் நடக்கிறது. ஒன்பது வருஷம் நான் அப்படித்தான் போட்டேன். ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை.

ஸ்வேதா அந்தப் பெண்ணுக்கு வீட்டைப் பற்றி விவரமாக எழுதி அனுப்பியிருந்தாள். கேஸ், ஏசி, இண்டர்நெட், டைகருக்கு எத்தனை தடவை சோறு, எல்லாம் இருந்தது. மோட்டார் என்று போட்டு, பக்கத்தில் ‘சித்தி சொல்வார்’ என்று எழுதியிருந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. இளமதி நோட்டோடு என் வாசலில் வந்து நின்றாள். “மழையில நீங்க எதுக்குங்க தெனமும் நடந்து வர்றீங்க? மோட்டார நானே போட்டுக்கறேன். எப்படின்னு சொல்லிக் குடுங்க. கேட் சாவியும் என்கிட்டயே இருக்கட்டுங்க, உங்களுக்கு ஒரு வேல மிச்சம்.”

சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். சொல்லியும் கொடுத்தேன். “பச்சை பட்டன அமுக்கினா ஓடும், செவப்பு பட்டன அமுக்கினா நிக்கும். டேங்க் ரொம்ப முக்கா மணி ஆவும்” என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். குச்சியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். முதலில் உங்களிடம் இப்படித்தான் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். ஒன்பது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்வதை வாய் சொல்ல மறந்துவிடும். கேட்பவர்கள் நம்புவார்கள்.

ஆனால் குச்சி அங்கே இருந்திருந்தால் அவளே கேட்டிருப்பாள், கெட்டிக்காரப் பெண். அதனால் முந்தின நாள் சாயங்காலம், அவள் ஓரிக்கைக்குப் போயிருந்தபோது, குச்சியையும் மணைப்பலகையையும் எடுத்து வந்து என் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். ஆம், அவள் வந்து கேட்பதற்கு முந்தின நாள். அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டவள், மிச்சம் இருப்பதையும் கேட்கத்தானே செய்வாள். மறுநாள் காலை அவற்றைக் கையோடு கொண்டுபோய் மோட்டார் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்து வந்தேன். அவள் கேட்காமல் இருந்திருந்தால், நானே பழைய இடத்தில் வைத்திருப்பேன்.

ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். “பூசை போட்ட எடம்மா, செருப்ப வெளிய வுட்டுட்டுப் போ” என்றும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். மரியாதை தெரிந்த பெண்.

இன்னொன்றும் சொன்னேன். “பட்டன் டைட்டா கீது. எடது கையால பொட்டிய கெட்டியா புடிச்சிக்கினு அமுக்கு.” அதையும் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து அழகாக இருக்கும்.

மறுநாள் விடியும் வரை மழை. மோட்டார் ரூம் கூரை ஒழுகித் தரை நனைந்துதான் இருக்கும். நான் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறரைக்கு மோட்டார் சத்தம் கேட்டது. முக்கால் மணி ஆயிற்று, நிற்கவில்லை. டேங்க் நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுவது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. டைகர் குலைத்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் எட்டரை வரை காத்திருந்தேன். சேட்டு வேலைக்குப் போன பிறகுதான் கிளம்பினேன்.

போகும்போது பலகையையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு போனேன். மோட்டாரை நிறுத்த வேண்டுமே. அதைத்தான் பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் பார்த்தாள். “இன்னாடி பரிமளா, காலங்காத்தால மணையத் தூக்கிக்கினு எங்க போற?” என்று கேட்டாள். “மோட்டார் போட” என்றேன். மோட்டார்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நான்கு நாள் கழித்துத் தோன்றி உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

கேட் பூட்டாமல் சாத்தித்தான் இருந்தது. அவள் உயிர் எப்போதோ போயிருந்தது. பலகையைப் போட்டு நின்று, குச்சியால் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். குச்சியை ஆணியில் மாட்டினேன். பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அவள் அம்மா ஈரோட்டிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “பரிமளா ஆன்ட்டின்னு தெனமும் உங்களப் பத்தித்தானுங்க பேசுவா” என்றார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. ஸ்வேதா போனில், “சித்தி, இனி யாரும் வேண்டாம், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள். அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் போன பிறகு படுக்கை விரிப்பை மட்டும் மாற்றிவிட்டு மாடியில் படுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து நன்றாகத் தூக்கம் வந்தது. மூன்று நாள் அப்படித் தூங்கினேன்.

அவ்வளவுதான் அம்மா. செய்தது நான்தான். சேட்டுவுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது மனசில் பாரம் இல்லை, யார் மேலும் பொறாமையும் இல்லை. எல்லாம் அந்தப் பெண்ணோடு போய்விட்டது. எங்கே அனுப்பினாலும் போகிறேன். வேலூர் ஜெயில் என்று ஏட்டம்மா சொன்னார். வேலூரை நான் பார்த்ததில்லை.

வீட்டுச் சாவியைக் கங்கம்மாளிடம் கொடுக்கச் சொல்லி ஸ்வேதா போன் செய்ததாகவும் அவரே சொன்னார். இனி கங்கம்மாளே குடும்பத்தோடு உள்ளே தங்கிக்கொள்ளட்டும் என்றாளாம். தங்கட்டும். நல்ல மனுஷிதான், ஆனால் வீட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குளியலறையில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். டைகருக்குப் பால் ஆகாது. குச்சியும் பலகையும் சாட்சிப் பொருளாக உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும், அவளுக்கு அது தேவைப்படாது. நீங்கள் பிடுங்கின ஃப்யூஸ் மோட்டார் ரூம் ஜன்னல் மேல்தான் இருக்கிறது, செருகினால் போதும். பச்சைப் பட்டன் கொஞ்சம் டைட்டாக இருக்கும், இடது கையால் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுத்தச் சொல்லுங்கள்.